டாக்டர் அன்சாரியும் சென்னை மாநாடும்

அரபி மொழியில் ஹா, காஃப், மீம் என்னும் மூன்று எழுத்துகள் சேர்ந்த வேர் ஒன்று உண்டு. ‘ஹகீம்’, ‘ஹாகிம்’, ‘ஹுக்மு’, ‘ஹிக்மத்’ ஆகிய சொற்களெல்லாம் அதிலிருந்து கிளைத்தவையே. ஹகீம் என்பவர் ஞானி. நம் வீடுகளில் அச்சொல் மருத்துவரைக் குறிக்கும். ஹாகிம் என்பவர் ஆட்சியாளர். ஹுக்மு என்பது கட்டளை. குதிரையின் வாயில் இடும் கடிவாளத்தின் இரும்புக்கும் ‘ஹகமா’ என்றே பெயர். கேட்டின் பக்கம் ஓடாமல் பிடித்து நிறுத்துதல் என்பது இவ்வேரின் ஆதிப்பொருள் என அகராதியார் விளக்குவர். அரசியலைக் குறிக்கும் ‘ஸியாஸத்’ என்ற சொல்லும் குதிரையைப் பேணி வளர்க்கும் தொழிலிலிருந்து வந்ததே; குதிரைக்காரனை ‘ஸாயிஸ்’ என்று அழைப்பது அதனாலேதான். ஆக, அரபி மொழி மருத்துவரையும் ஆள்பவரையும் ஒரே வேரில் பிறந்த உடன்பிறப்புகளாக வைத்திருக்கிறது. நம் மக்கள்தாம் அவ்விருவரையும் வெகுதூரம் பிரித்து வைத்துப் பார்க்கின்றனர்.

நாம் வாழும் திருநாவலூர் வட்டாரம் நெடுங்காலம் தென்னார்க்காட்டில் இருந்தது. பின்னர் விழுப்புரம் மாவட்டத்தில் சேர்ந்தது. 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் அமைந்திருக்கிறது. கள்ளக்குறிச்சியில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவைக்கப்பட்ட பின்னர், நம்மவர் இல்லங்களிலும் பிள்ளைகளை மருத்துவம் படிக்க வைக்கும் ஆவல் வளர்ந்திருக்கிறது. மகிழ வேண்டிய செய்தியே. ஆனால் அந்த ஆவலோடு கூடவே ஓர் அச்சத்தையும் பெற்றோரிடம் காண்கிறோம். படித்து முடித்த பிள்ளை பொதுக்காரியம், அரசியல் என்று இறங்கிவிட்டால் படிப்பும் பணமும் பாழாகிவிடுமே என்பதுதான் அந்த அச்சம்.

சென்னை மாகாணத்தின் சென்ற நூற்றாண்டு வரலாற்றைப் புரட்டினால், மருத்துவர்களை நீக்கிவிட்டு அவ்வரலாற்றை எழுதவே இயலாது என்பது தெரியும். 1916இல் தோன்றிய நீதிக்கட்சியின் மூலவர்களில் டி.எம். நாயரும் சி. நடேச முதலியாரும் மருத்துவர்கள். சென்னை சட்டசபையின் துணைத்தலைவராய் விளங்கித் தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய முத்துலட்சுமி அம்மையார் மருத்துவர். காங்கிரஸ் வரலாற்றை எழுதிய பட்டாபி சீதாராமையா மசூலிப்பட்டினத்தில் வைத்தியம் பார்த்தவர். நம் தென்னார்க்காட்டுத் திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்து வந்த ச. இராமதாசு 1989இல் ஒரு கட்சியையே தொடங்கினார். இவர்களைப் பற்றியெல்லாம் அவரவர் அன்பர்கள் எழுதியுள்ளனர். நம் சமுதாயத்தில் பிறந்து, மருத்துவத்தில் பெரும்புகழ் பெற்று, நம் சென்னை நகரிலே காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கிய ஒருவரைப் பற்றித் தமிழில் படிக்கக் கிடைப்பதோ மிகக் குறைவு. அவர்தாம் டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்கள். அலீ சகோதரர்களின் பெயரை நம் முதியோர் அறிவர். அபுல் கலாம் ஆஸாத் அவர்களைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். அன்சாரியைக் கேட்டால் பலர் விழிக்கின்றனர்.

அவர்கள் 1880 டிசம்பர் 25ஆம் நாள் இன்றைய உத்தரப்பிரதேசத்தின் காஸிப்பூர் மாவட்டத்தில் உள்ள யூசுப்பூரில் பிறந்தார்கள். கல்வியும் வைத்தியமும் குடும்பச் சொத்தாக இருந்தன. மூத்த சகோதரர்கள் யூனானி ஹகீம்கள். அவர்களுள் ஹகீம் அப்துல் வஹ்ஹாப் கண்பார்வை இழந்தவர். நாடி பார்ப்பதில் வல்லவராகி, ‘ஹகீம் நாபீனா’ என்று மக்களால் அழைக்கப்பட்டார். தம்பியோ ஐரோப்பிய மருத்துவத்தை நாடினார். ஹைதராபாத்தில் நிஜாம் கல்லூரியில் படித்தார். அக்கல்லூரி அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. பின்னர் நிஜாம் அரசின் உதவித்தொகை பெற்று எடின்பரோ சென்று, அறுவை மருத்துவத்தில் தேர்ந்து, லண்டனில் லாக் மருத்துவமனையிலும் சேரிங் கிராஸ் மருத்துவமனையிலும் பணிபுரிந்தார். வெள்ளையரே வெள்ளையருக்கு மருத்துவம் பார்த்த இடத்தில் ஓர் இந்தியர் அறுவைக் கத்தியைப் பிடிப்பது அந்நாளில் எளிதாகக் கிட்டக்கூடிய பேறன்று.

அங்கேயே தங்கிச் செல்வம் சேர்த்திருக்கலாம். ஆனால் அவர்கள் 1910ஐ ஒட்டித் தாயகம் திரும்பி டில்லியில் மருத்துவமனை வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே அரசர்களும் நவாபுகளும் தேடி வரும் மருத்துவராகிவிட்டார்கள். இவ்வருமானத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் அவர்களுடைய அரசியல் எந்த வள்ளலின் தயவையும் எதிர்பாராமல் நடந்ததற்கு இதுவே காரணம். கட்சிப் பணத்தில் வாழ்ந்தவரல்லர். தம் கத்தி சம்பாதித்ததைக் கட்சிக்கும் கல்விச்சாலைக்கும் கொடுத்தவர்.

1912 அக்டோபரில் பால்கன் போர் மூண்டது. பல்கேரியா, செர்பியா, கிரேக்கம், மான்டினீக்ரோ ஆகிய நாடுகள் ஒன்றுசேர்ந்து உதுமானிய துருக்கியைத் தாக்கின. நவம்பருக்குள் பல்கேரியப் படை இஸ்தான்புல்லின் வாயிலாகிய சத்தால்ஜா அரண்வரிசை வரை வந்துவிட்டது. குண்டடிபட்டோர் ஒருபுறம், வாந்திபேதியால் மடிந்தோர் மறுபுறம் எனத் துருக்கிப் படை தவித்தது. கலீஃபாவின் தலைநகருக்கு ஆபத்து என்ற செய்தி இந்திய முஸ்லிம்களை உலுக்கிவிட்டது. மௌலானா முஹம்மது அலீ அவர்கள் தம் ‘காம்ரேட்’ பத்திரிகையில் விடுத்த வேண்டுகோளால் பணம் திரண்டது. பணம் அனுப்பினால் மட்டும் போதாது, மருத்துவர்களே போகவேண்டும் என்று முடிவாயிற்று. அந்தக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் அன்சாரி. அப்போது அவருக்கு வயது 32 கூட நிரம்பவில்லை.

1912 டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பல் ஏறிய அக்குழுவில் மருத்துவர்களும், கட்டுக்கட்டும் தொண்டர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். அலிகர் கல்லூரியின் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்த இளைஞர்கள் சிலரும் அவர்களுள் அடங்குவர். ஏறத்தாழ ஆறு மாதம் அவர்கள் காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்தார்கள். 1913இன் நடுவில் நாடு திரும்பினார்கள். அன்சாரி அங்கிருந்து எழுதிய கடிதங்கள் ‘காம்ரேட்’ இதழில் வெளிவந்தன.

இக்குழுவினரின் பிற்கால வாழ்வைத் தொடர்ந்து பார்த்தால் வியப்பே மேலிடும். சவுதரி கலீகுஸ்ஸமான் முஸ்லிம் லீகின் முன்னணித் தலைவராகிப் பாகிஸ்தானில் முடிந்தார். பெஷாவரைச் சேர்ந்த அப்துர் ரஹ்மான் துருக்கியிலேயே தங்கி, அந்நாட்டின் தூதராக ஆப்கானிஸ்தானுக்குச் சென்று, 1925இல் இஸ்தான்புல் வீதியில் சுடப்பட்டு மாண்டார். தலைவர் அன்சாரியோ இந்தியக் காங்கிரசின் தலைவரானார். ஒரே கூடாரத்தில் ஒரே நோயாளிக்குக் கட்டுக்கட்டிய கைகள் எத்தனை திசைகளில் பிரிந்தன! ‘அன்சார்’ என்றால் உதவியாளர்கள் எனப் பொருள். மதீனாவில் நாயகம் (ஸல்) அவர்களுக்குத் தோள்கொடுத்தோரின் பட்டம் அது. அவ்வன்சாரிகளுள் ஒருவரான அபூ அய்யூப் (ரலி) அவர்களின் அடக்கத்தலம் இஸ்தான்புல்லில்தான் இருக்கிறது. யூசுப்பூர் அன்சாரிக்கு அந்நகரில் அப்பெயரின் பொறுப்பு நினைவுக்கு வராமலா இருந்திருக்கும்?

அரசியல் மேடையிலிருந்து அவர்கள் பொதுவாழ்வுக்கு வரவில்லை என்பதை வற்புறுத்தவே இவ்வளவு சொன்னோம். நோயாளியின் கட்டிலோரமே அவர்கள் நுழைந்த வாயில். அலீ சகோதரர்களின் நாவன்மை அவருக்கு வாய்க்கவில்லை. ஆஸாதின் எழுத்து வன்மையும் இல்லை. எதிரே இருப்பவர் யாராயினும் அவருடைய வலியைக் கேட்டறியும் பழக்கம் இருந்தது. அதுவே அவர்களுடைய அரசியலின் பலம். அதுவே பின்னர் பலவீனமும் ஆயிற்று என்பது நம் கருத்து.

முதல் உலகப்போர் முடிந்ததும், 1918 டிசம்பரில் டில்லியில் கூடிய முஸ்லிம் லீக் மாநாட்டின் வரவேற்புக் குழுத்தலைவராக அவர்கள் ஆற்றிய உரை, கிலாபத்தின் உரிமையைத் துணிவோடு எடுத்துரைத்தது. ஆங்கில அரசு அவ்வுரையைத் தடைசெய்துவிட்டது. 1920 ஜனவரியில் வைசிராய் செம்ஸ்போர்டைச் சந்தித்து கிலாபத் விண்ணப்பத்தைக் கொடுத்த தூதுக்குழுவுக்கும் அவர்களே தலைவர். அவ்வாண்டு நாகபுரியில் நடந்த லீக் மாநாட்டிலும், 1922இல் கயாவில் நடந்த கிலாபத் மாநாட்டிலும் தலைமை தாங்கினார்கள். நம் மாகாணத்தில் அவ்வியக்கத்தை நடத்திச் சிறை சென்ற யாகூப் ஹஸன் சேட் அவர்களை நம் முன்னோர் நன்கறிவர்.

மதரஸாவில் ஓதிய நம் போன்றோருக்கு நெஞ்சை நெகிழ வைக்கும் செய்தி ஒன்று இக்காலத்தைச் சேர்ந்தது. தேவ்பந்த் தாருல் உலூமின் தலைமை ஆசானாய் இருந்து, ஆங்கிலேயரால் மால்டாத் தீவில் சிறைவைக்கப்பட்ட ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூதுல் ஹஸன் (ரஹ்) அவர்கள் 1920இல் விடுதலையாகி நாடு திரும்பினார்கள். உடல் தளர்ந்திருந்தது. அந்நிலையிலும் அலிகருக்குச் சென்று, அக்டோபர் 29ஆம் நாள் ஜாமிஆ மில்லிய்யா இஸ்லாமிய்யாவைத் தொடங்கிவைத்தார்கள். நவம்பர் 30ஆம் நாள் டில்லியில் டாக்டர் அன்சாரியின் இல்லத்தில் அவர்களின் உயிர் பிரிந்தது. ஹதீஸ் கலையின் பேராசான் ஒருவர், எடின்பரோவில் படித்த அறுவை மருத்துவரின் வீட்டில், அவருடைய கவனிப்பில் இறுதி மூச்சு விட்டார்! ஆலிம்கள் ஒரு பக்கம், ஆங்கிலம் படித்தவர் ஒரு பக்கம் என்று சமுதாயத்தைப் பிளந்து பார்ப்பவர்கள் அந்த வீட்டை நினைத்துப் பார்க்கவேண்டும்.

ஹகீம் அஜ்மல் கான் அவர்களையும் இங்கே சொல்லாமல் அப்பால் செல்ல முடியாது. அவர் யூனானியின் சிகரம். இவர் மேலைமருத்துவத்தின் சிகரம். தொழில்முறையில் போட்டியிட்டிருக்க வேண்டிய இருவரும் பிரியாத நண்பர்களாயினர். அஜ்மல் கான் 1921இல் அகமதாபாத் காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். ஜாமிஆவின் முதல் வேந்தராகி, அதை 1925இல் அலிகரிலிருந்து டில்லிக்குக் கொண்டு வந்ததிலும் இவ்விருவர் கைகளே முன்னின்றன. 1924 மார்ச்சில் துருக்கியே கிலாபத்தை ஒழித்துவிட்டதால், இயக்கத்தின் வேரே அறுந்து கிடந்த காலம் அது. ஊருக்கு ஊர் வகுப்புக் கலவரம். நேற்று தோளோடு தோள் நின்றவர்கள் இன்று முகம் பார்க்க மறுத்தனர்.

இந்தப் பின்னணியில்தான் 1927 டிசம்பர் மாதம் சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவர் பதவிக்கு அன்சாரியே தகுந்தவர் என்று காந்தியடிகள் விரும்பினார். இந்து முஸ்லிம் ஒற்றுமையை மீண்டும் கட்ட அவர் ஒருவரால் இயலும் என்பதே அவ்விருப்பத்தின் காரணம். முந்திய ஆண்டின் தலைவர் நம் சென்னை வழக்கறிஞர் எஸ். சீனிவாச ஐயங்கார். அவரும் அவ்வாண்டு முழுவதும் ஒற்றுமை உடன்பாட்டுக்காக அலைந்தவரே. ஆகவே சென்னை மாநாடு ஒரே நாளில் முளைத்ததன்று.

அம்மாநாட்டில் மூன்று காரியங்கள் நடந்தன. இந்தியர் ஒருவரும் இல்லாமல் அமைக்கப்பட்ட சைமன் குழுவைப் பகிஷ்கரிப்பது என்று முடிவாயிற்று. பூரண சுதந்திரமே குறிக்கோள் என்னும் தீர்மானத்தை ஐரோப்பாவிலிருந்து திரும்பியிருந்த இளைஞர் ஜவாஹர்லால் கொண்டு வந்து நிறைவேற்றினார். வரலாற்று நூல்கள் இவ்விரண்டையும் பெரிதாக எழுதும். மூன்றாவதாகிய ஒற்றுமைத் தீர்மானத்தை ஓரிரு வரியில் கடந்துவிடும். நமக்கோ அதுதான் முக்கியம்.

அதன் வரலாறு இது. 1909 முதல் முஸ்லிம்கள் தங்களுக்கெனத் தனிவாக்காளர் தொகுதி பெற்றிருந்தனர். முஸ்லிம் வேட்பாளருக்கு முஸ்லிம்களே வாக்களிப்பர். இது பிரிவினையை வளர்க்கிறது என்பது காங்கிரசின் குறை. இதை விட்டுவிட்டால் பெரும்பான்மையின் தயவில் வாழ நேரும் என்பது முஸ்லிம்களின் அச்சம். 1927 மார்ச்சில் டில்லியில் ஜின்னா சாஹிப் கூட்டிய முஸ்லிம் தலைவர்கள் ஒரு வழி கண்டனர். சிந்துவைப் பம்பாயிலிருந்து பிரித்துத் தனி மாகாணமாக்குங்கள். எல்லைப்புற மாகாணத்துக்கும் பலுசிஸ்தானத்துக்கும் மற்ற மாகாணங்களைப் போன்ற சீர்திருத்தம் கொடுங்கள். பஞ்சாபிலும் வங்காளத்திலும் மக்கள்தொகைக்கு ஏற்ற இடம் கொடுங்கள். மத்திய சபையில் மூன்றில் ஒரு பங்கு கொடுங்கள். நாங்கள் தனித்தொகுதியை விட்டு விடுகிறோம் என்றனர். பதினெட்டு ஆண்டுகளாக இறுகியிருந்த முடிச்சை அவிழ்க்கும் யோசனை அது. சென்னைக் காங்கிரஸ் அதன் பெரும்பகுதியை ஏற்றது. அன்சாரியின் தலைமையில், நம் ஊர்ப் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்த பந்தலில், அது நடந்தது.

தேர்தல் கணக்கோடு அத்தீர்மானம் நிற்கவில்லை. பள்ளிவாசலுக்கு முன்னே மேளம், பசு அறுப்பு ஆகிய இரண்டும்தான் அந்நாளில் வீதிகளில் இரத்தம் சிந்தவைத்த விஷயங்கள். சட்டத்தால் ஒருவர் கையை ஒருவர் கட்டுவது வேண்டாம். இந்து தம் ஊர்வலத்திலும் முஸ்லிம் தம் குர்பானியிலும் உரிமையுடையவரே. ஆனால் பிறர் மனம் புண்படாதவாறு அவரவரே தம்மை அடக்கிக்கொள்ள வேண்டும் என்னும் போக்கில் அத்தீர்மானம் அமைந்தது. சுந்தரர் பிறந்த ஊர் எனச் சைவர் போற்றும் திருநாவலூரில் வாழும் நமக்கு இதன் அருமை எடுத்துச் சொல்லத் தேவையில்லை. தேர் ஓடும் வீதியும் பாங்கு ஒலிக்கும் பள்ளியும் அடுத்தடுத்து இருக்கும் ஊர்கள் நம் வட்டாரத்தில் பல. எந்தச் சட்டப் புத்தகத்தையும் பாராமல், தொழுகை நேரத்தில் மேளத்தை நிறுத்தி நடக்கும் மேளக்காரரையும், தேர் வரும் நாளில் கடையை ஒதுக்கி வழிவிடும் பாயையும் நாம் பார்த்திருக்கிறோம். தன்னைத் தானே பிடித்து நிறுத்தும் இதனைத்தான் ‘ஹகமா’ என்னும் அச்சொல் குறிக்கிறது போலும்.

மாநாடு முடிந்த கையோடு, அதே டிசம்பர் இறுதியில், ஹகீம் அஜ்மல் கான் காலமான செய்தி வந்தது. வெற்றியின் மகிழ்ச்சியை நண்பரோடு பகிர்ந்துகொள்ளக்கூட அன்சாரிக்கு வாய்ப்பில்லாமல் போயிற்று. ஜாமிஆவின் வேந்தர் பொறுப்பும், அதன் கடன்சுமையும் அவர்கள் தோளில் ஏறின.

சென்னையில் தொடங்கியது கல்கத்தாவில் உடைந்தது. இதைச் சொல்லாமல் அன்சாரியைப் புகழ்ந்துவிட்டுப் போவது வரலாறாகாது.

சென்னை மாநாட்டின் கட்டளைப்படி எல்லாக் கட்சிகளும் கூடி அரசியல் சட்டம் வரையவேண்டும். 1928 மே மாதம் பம்பாயில் அனைத்துக் கட்சி மாநாடு கூடி மோதிலால் நேரு தலைமையில் குழு ஒன்றை அமைத்தது. தலைமை அன்சாரி. ஆகஸ்டில் குழுவின் அறிக்கை வெளிவந்தது. அதிலோ தனித்தொகுதியை விட்டதற்கு ஈடாகச் சென்னையில் சொல்லப்பட்டவற்றுள் சில மறைந்திருந்தன. பஞ்சாபிலும் வங்காளத்திலும் இட ஒதுக்கீடு இல்லை; மத்திய சபையில் மூன்றில் ஒன்று நான்கில் ஒன்றாகக் குறைந்தது. இலட்சுமணபுரியில் கூடிய மாநாடு அவ்வறிக்கையை ஏற்றது. அங்கும் தலைமை அன்சாரி. டிசம்பரில் கல்கத்தாவில் பெருமாநாடு. ஜின்னா சாஹிப் எழுந்து, மூன்றில் ஒரு பங்கையும் வேறு சில திருத்தங்களையும் கேட்டார். கேட்டதைக் கொடுத்து முடித்துவிடுங்கள் என்று தேஜ் பகதூர் சாப்ரூ போன்ற அறிஞர் எடுத்துரைத்தும், ஜெயகர் முதலானோர் எதிர்த்தனர். திருத்தங்கள் தோற்றன. அன்றும் தலைமை இருக்கையில் வீற்றிருந்தவர் டாக்டர் அன்சாரியே.

அதாவது, உடன்பாடு பிறந்த சபைக்கும் தலைவர் அவர். அது மடிந்த சபைக்கும் தலைவர் அவர். மோதிலால் நேரு அவருடைய நெருங்கிய நண்பர். அறிக்கையைச் சிதையவிட்டால் ஆங்கிலேயர் நகைப்பர், சைமன் குழு வென்றுவிடும் என்ற எண்ணம் அவரை ஆட்கொண்டிருக்கலாம். நியாயமான எண்ணமே. ஆயினும், முஸ்லிம்களின் அச்சத்தை வேறெவரையும்விட நன்கறிந்தவர், நாலில் ஒன்றுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் இடையிலுள்ள சிறு தொகைக்காக அந்த அச்சம் வெறுப்பாக மாற இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை என்றே நமக்குத் தோன்றுகிறது. மருத்துவர் இரு நோயாளிகளையும் திருப்திப்படுத்த முனைந்து, இருவருக்கும் ஒரே மருந்தை எழுதிக் கொடுத்தார். ஒருவர் அதைக் குடிக்க மறுத்துவிட்டார்.

விளைவு உடனே தெரிந்தது. துருக்கிக்கு வழியனுப்பி வைத்த அலீ சகோதரர்கள் அறிக்கையை எதிர்த்து வெளியேறினர். ஜின்னா சாஹிப் 1929 மார்ச்சில் தம் பதினான்கு அம்சங்களை வெளியிட்டார். அன்சாரியும் ஆஸாதும் பிறரும் அவ்வாண்டு தேசிய முஸ்லிம் கட்சியைத் தோற்றுவித்தனர். காங்கிரசின் கைப்பாவை என்று சமுதாயத்தில் ஒரு சாரார் ஏசினர். நம் முன்னோர்களிலும் அவ்வாறு பேசியவர் உண்டு. அவ்வேச்சு நியாயமற்றது என்பதற்கு 1930ஆம் ஆண்டே சான்று. உப்புச் சத்தியாக்கிரகத்துக்கு நாடு ஆயத்தமாகி வந்த பிப்ரவரி மாதத்தில், அன்சாரி காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதி, இந்து முஸ்லிம் ஒற்றுமை இல்லாத நிலையில் போராட்டத்தைத் தொடங்குவது தகாது என்று வெளிப்படையாகவே தடுத்தார். அடிகள் ஏற்கவில்லை. ‘ஆமாம்’ போடும் கைப்பாவை இப்படியா எழுதும்? ஆனால் போராட்டம் தொடங்கி நண்பர்களெல்லாம் சிறை சென்றபின், வெளியே இருந்து மருத்துவம் பார்த்துப் பொருளீட்ட அவர் மனம் ஒப்பவில்லை. 1930 ஆகஸ்டில் காரியக் கமிட்டி டில்லியில் கூடியபோது கைதாகி, பஞ்சாபின் குஜ்ராத் சிறைக்குச் சென்றார். எல்லைக்காந்தி கான் அப்துல் கஃபார் கான் அங்கே அவருடைய சிறைத்தோழர்.

விடுதலைக்குப் பின் 1931 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வைசிராய் இர்வினோடு காந்தியடிகள் பேச்சு நடத்தியபோது தங்கியிருந்தது டில்லி தரியாகஞ்சில் இருந்த அன்சாரியின் ‘தாருஸ்ஸலாம்’ இல்லத்திலேதான். சாந்தி இல்லம் என்பது அப்பெயரின் பொருள். மார்ச் 5ஆம் நாள் ஒப்பந்தம் ஆயிற்று. வட்டமேஜை மாநாட்டுக்குத் தம்மோடு அன்சாரியும் வரவேண்டும் என்று அடிகள் வற்புறுத்தினார். மற்ற முஸ்லிம் பிரதிநிதிகள் மறுத்தனர். புதிய வைசிராய் வில்லிங்டன் அம்மறுப்பையே காரணமாக்கி அவர் பெயரை நீக்கிவிட்டார். முஸ்லிம்கள் எல்லோரும் ஒரே கருத்தினர் என்று உலகுக்குக் காட்ட விரும்பிய ஆங்கில அரசுக்கு அன்சாரியின் முகம் இடைஞ்சலாக இருந்தது. அவ்வகையில் அவருடைய இல்லாமையே அவருடைய மதிப்புக்குச் சான்றாயிற்று. எனினும், பேசவேண்டிய இடத்தில் பேச முடியாமற்போன வேதனையை எந்த மதிப்பும் ஈடுசெய்யாது.

1933 மே 8ஆம் நாள் தொடங்கி 21 நாள் காந்தியடிகள் பூனாவில் உண்ணாநோன்பு இருந்தபோது, அன்சாரி டில்லியிலிருந்து விரைந்து சென்று கட்டிலருகே இருந்தார். நோன்பு முடிந்த வேளையில் குர்ஆன் வசனங்களை ஓதியவரும் அவரே. அரசியலில் ‘இப்போராட்டம் வேண்டாம்’ என்று மறுத்துரைத்தவரும், உடல் நலிந்தபோது நாடி பார்த்தவரும் ஒருவரே என்பதைக் காணும்போது, மருத்துவத்தை விட்டு அவர் அரசியலுக்கு வந்தார் என்று சொல்வதே பிழை என்று படுகிறது. இரண்டையும் ஒருசேரவே சுமந்தார்.

1934 மார்ச்சில் மற்றொரு மருத்துவராகிய பி.சி. ராயோடும் பூலாபாய் தேசாயோடும் சேர்ந்து சட்டசபைப் பிரவேசத்துக்கு மீண்டும் வழி வகுத்தார். காங்கிரஸ் பார்லிமென்டரி போர்டின் தலைவரும் ஆனார். அரசு அளித்த வகுப்புவாரித் தீர்ப்பைக் காங்கிரஸ் ஏற்கவும் வேண்டாம், நிராகரிக்கவும் வேண்டாம் என்ற நிலைக்குக் காரியக் கமிட்டியைக் கொண்டு வந்ததில் அவர் பங்கு பெரிது. மாளவியாவும் அணேயும் இதை எதிர்த்து விலகினர். கல்கத்தாவில் தவறவிட்டதை ஆறாண்டு கழித்து ஓரளவேனும் மீட்க முயன்றார் என்று நாம் இதைக் கொள்கிறோம். அதற்குள் இதயநோய் முற்றிவிட்டது. மற்றவர் இதயத்தைச் சோதித்த மருத்துவருக்குத் தம் இதயத்தின் நிலை தெரியாமலில்லை. ஆயினும் பயணம் நிற்கவில்லை; நோயாளிகளும் குறையவில்லை. இடையிலே உறுப்பு ஒட்டுச்சிகிச்சை பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலும் எழுதி வெளியிட்டார்.

அவர் வேந்தராக இருந்த நாளில் ஜாமிஆவின் வாசல் துருக்கியருக்குத் திறந்தது. 1933இல் துருக்கித் தலைவர் ரவூஃப் பே வந்து உரையாற்றினார். 1935இல் துருக்கியின் புகழ்பெற்ற எழுத்தாளர் ஹாலிதா எதீப் அம்மையார் வந்து, தாருஸ்ஸலாமில் விருந்தினராகத் தங்கி, ஜாமிஆவில் தொடர்ச்சொற்பொழிவு நிகழ்த்தினார். பால்கன் போரில் துருக்கி வீரருக்குக் கட்டுக்கட்டிய மருத்துவரின் வீட்டுக்கு, இருபதாண்டு கடந்து, அந்நாட்டார் நன்றியோடு வந்த வருகை அது. இந்தியாவைப் பற்றிப் பின்னர் எழுதிய நூலில் அன்சாரியின் இல்லத்துக்கு அம்மையார் பெரிதும் இடம் கொடுத்திருக்கிறார்.

அதே 1935 மார்ச் முதல் நாள் டில்லிக்கு அப்பால் ஓக்லாவில் ஜாமிஆவின் புதிய கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினர். வேந்தரும் நாட்டவில்லை, வைசிராயும் நாட்டவில்லை. அக்கல்விச்சாலையின் மாணவர்களிலே மிகச் சிறிய பிள்ளை ஒருவர் கல்லை வைத்தார். மறு ஆண்டு, 1936 மே 10ஆம் நாள், முசூரியிலிருந்து டில்லிக்குத் திரும்பும் வழியில், இரயில் வண்டியிலே மாரடைப்பால் டாக்டர் அன்சாரி வஃபாத்தானார்கள். வயது 55. ஜாமிஆவின் மண்ணிலே அடக்கம் செய்யப்பட்டார்கள். அல்லாஹ் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, உயர்ந்த சுவனபதியை நல்குவானாக. ஆமீன்.

கடும்நோய்க்கு மேல்சிகிச்சை தேடி நம் பக்கத்துக் குடும்பங்களும் சில வேளை டில்லிக்குப் போவதுண்டு. 1956இல் தோன்றிய அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்தின் வாயிலில் சீட்டுக்காக வரிசையில் நிற்பர். அச்சீட்டின் தலைப்பில் அம்மருத்துவமனையின் முகவரி அச்சிடப்பட்டிருக்கும்: அன்சாரி நகர், புதுடில்லி.